யாக்கமா மக்களைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

ரிசர்வேஷன் என்றால் நமக்கு ரயில் டிக்கெட் நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் இட ஒதுக்கீடு. அமெரிக்கப் பூர்வகுடிகளைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் கால் இடறுவது இந்தச் சொல்லில்தான். "அரசு அவர்களுக்கு ஒதுக்கிக் கொடுத்த நிலம்" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கமா மக்கள் விஷயத்தில், கொடுத்தது யார், வாங்கியது யார் என்பதே இதில் தலைகீழாகிவிடுகிறது.

1855 ஜூன் 9 அன்று வாலா வாலா என்ற இடத்தில் ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸுடன் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுபக்கம் யாக்கமா என்ற ஒரே பெயரில் சேர்க்கப்பட்ட 14 இனக்குழுக்களின் சார்பில் கமயாக்கின் முதலான தலைவர்கள். ஒரு கோடி ஏக்கருக்கு மேல் நிலம் அமெரிக்காவின் கைக்குப் போனது. 13 லட்சம் ஏக்கருக்குச் சற்று மேல் தங்களுக்கென்று நிறுத்திக்கொண்டார்கள். ரிசர்வேஷன் என்பது அப்படிக் கைவிடாமல் வைத்துக்கொண்ட நிலம்.

நிலத்தோடு வேறு சிலவற்றையும் விடவில்லை. நம் ஊரில் காட்டை விற்றாலும் கிணற்றுப் பாத்தியத்தையும் வண்டித்தடத்தையும் விடாமல் பத்திரத்தில் எழுதி வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அந்த ஒப்பந்தத்தின் 3-ஆம் பிரிவு ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது. வழக்கமாக மீன் பிடித்த இடங்களில் எல்லாம் மற்றக் குடிமக்களோடு சேர்ந்து பிடிக்கலாம், பொதுச் சாலைகளில் போய்வரலாம், யாரும் உரிமை கோராத நிலத்தில் வேட்டையாடலாம், கிழங்கும் பழமும் எடுக்கலாம், குதிரை மேய்க்கலாம்.

இவற்றைச் "சலுகை" என்று எழுதுவது அடுத்த தவறு. அமெரிக்க உச்ச நீதிமன்றமே இதை ஒத்துக்கொள்ளவில்லை. கொலம்பியா ஆற்றங்கரையில் நிலம் வாங்கிய வைனன்ஸ் சகோதரர்கள், மீன்களை அள்ளிப் போடும் ராட்டினங்களை நிறுவி யாக்கமா மீனவர்களை வரவிடாமல் தடுத்தார்கள். 1905-இல் தீர்ப்பு வந்தது: ஒப்பந்தம் பூர்வகுடிகளுக்கு உரிமை வழங்கவில்லை, அவர்கள்தான் வழங்கினார்கள், வழங்காததை வைத்துக்கொண்டார்கள். 2019-இல் வண்டித்தடம் பக்கமும் வழக்கு அங்கே போனது. யாக்கமா ஒருவரின் நிறுவனம் ஆரிகனிலிருந்து லாரியில் எரிபொருள் கொண்டுவந்தது. மாநில அரசு வரி கேட்டது. சாலையில் போகும் உரிமையை ஒப்பந்தம் காக்கிறது, வரி செல்லாது என்று 5-க்கு 4 என்ற கணக்கில் நிறுவனம் வென்றது. 164 வருடம் ஆன பத்திரம் பெட்ரோல் லாரிக்கும் பேசுகிறது!

அப்புறம், "ஒப்பந்தத்தை மீறிப் போருக்குப் போனார்கள்" என்று எழுதுவதும் வழக்கம். தேதிகளைப் பாருங்கள். ஒப்பந்தம் செல்லுபடியாகத் தேவையான ஒப்புதலை அமெரிக்க செனட் தந்தது 1859-இல். அதற்குள், கையெழுத்தான சில நாட்களிலேயே, அந்த நிலத்தில் குடியேறலாம் என்று பத்திரிகையில் அறிவிப்பு வந்துவிட்டது. தங்கம் தேடி வந்தவர்களும் உள்ளே நுழைந்தார்கள். போர் 1855 முதல் 1858 வரை நடந்தது. கமயாக்கின் கடைசிவரை ரிசர்வேஷனில் குடியேறவில்லை.

கொலம்பியா ஆற்றில் இருந்த செலிலோ அருவியைப் பற்றி எழுதும்போது "மறைந்துபோனது" என்ற சொல் வேண்டாம். தானாக மறையவில்லை. 1957 மார்ச் 10 அன்று டாலஸ் அணையின் மதகுகளை மூடினார்கள். சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மீன்பிடித்த பாறைகள் தண்ணீருக்கு அடியில் போயின. பல இனத்தவரும் கூடிய பெரிய சந்தையும் அதுதான். யாக்கமா உட்பட நான்கு பழங்குடி அரசுகளுக்கு இழப்பீடு தந்தார்கள். அத்தோடு உரிமை தீர்ந்தது என்று முடித்துவிடாதீர்கள். பணம் தந்தது மூழ்கிய இடத்துக்கு, மீன்பிடி உரிமைக்கு அல்ல.

அதே போல, 1972-இல் ஜனாதிபதி நிக்சன் ஆடம்ஸ் மலையின் கிழக்குப் பக்கத்தை, சுமார் 21,000 ஏக்கரை, "வழங்கினார்" என்று எழுதாதீர்கள். பாட்டோ என்று அவர்கள் அழைக்கும் மலையின் அந்தப் பக்கம் ரிசர்வேஷன் எல்லைக்குள் இருப்பதைக் காட்டும் வரைபடம் அரசு அலுவலகத்திலேயே தொலைந்துபோய் 1930 வாக்கில்தான் கிடைத்தது. வரைபடம் கிடைத்தும் நிலம் திரும்ப 40 வருடம் ஆனது. பட்டா மாற்றத்துக்கு அலைந்தவர்களுக்கு ஆச்சரியம் இருக்காது.

பெயர்களில் மூன்று கவனம். செவ்விந்தியர் என்ற பழைய பாடப்புத்தகச் சொல்லை விட்டுவிடலாம். நகரமும் ஆறும் யாக்கிமா, மக்கள் யாக்கமா. 1990-களில்தான் ஒப்பந்தத்தில் உள்ள எழுத்துக்கே அவர்கள் திரும்பினார்கள். ஒற்றை விட்டு "யாகமா" என்று எழுதினால் யாரோ ஹோமம் வளர்ப்பதைப் பற்றிக் கேட்பது போல ஆகிவிடும். மொழியின் பெயர் இச்சிஷ்கீன். வெளியார் வைத்த பெயர் சஹாப்டின். அந்த மொழிக்கு அகராதி செய்தவர்களில் ஒருவரான வர்ஜீனியா பீவர்ட், 90 வயதில் முனைவர் பட்டம் வாங்கியவர்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு இலக்கணத்தில் இருக்கிறது: "வாழ்ந்தனர்", "வழிபட்டனர்", "உண்டனர்". சரி, இப்போது என்ன செய்கிறார்கள்? டாப்பனிஷ் நகரில் தலைமையகம். 14 பேர் கொண்ட சபை, அதற்கு மேலே 18 வயது நிரம்பிய எல்லா உறுப்பினர்களும் கூடும் பொதுச்சபை. சொந்த நீதிமன்றம், போலீஸ், மீன்வளத் துறை. சூதாட்ட விடுதியும் இருக்கிறது. அதை மட்டும் எழுதுகிறவர்கள் மீன்வளத் துறையையும் ஒரு நடை பார்க்க வேண்டும். யாக்கிமா ஆற்றில் 1980-களில் அற்றுப்போன கோஹோ சால்மனை மறுபடி கொண்டுவந்தது அந்தத் துறைதான்.

கிளிக்கிட்டாட் ஆற்றில், லைல் அருகே, பாறைமேல் கட்டிய மரப்பரணில் நின்று நீண்ட கம்பு வலையால் இன்றும் சால்மன் பிடிக்கிறார்கள். அந்தப் படத்தைப் போடும்போது கீழே "பழங்கால மீன்பிடி முறை" என்று எழுதாதீர்கள். வலையில் துடிப்பது இந்த வருடத்து மீன்.