மனை வாங்கும்போது புரோக்கரிடம் எதைக் கேட்பது, எதை நாமே பார்ப்பது

விலைக்கு வந்திருக்கும் மனை பற்றிய தகவல், ஓனரோடு பேச ஒரு வழி, பேச்சு முறிந்தால் இரண்டு பக்கத்தையும் மறுபடி உட்கார வைக்கும் சாமர்த்தியம். நிலப் புரோக்கரிடம் நாம் காசு கொடுத்து வாங்குவது இவற்றைத்தான். அதற்கு அவர் கூலி கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் வில்லங்கம் உண்டா, பாதை உண்டா, விற்பவருக்கு முழு உரிமை உண்டா என்ற கேள்விகளுக்கு அவர் வார்த்தை ஆதாரம் ஆகாது. அவர் யோக்கியமானவராகவே இருந்தாலும், ஓனர் சொன்னதைத்தானே அவரும் சொல்ல முடியும்?

இடத்தைப் பார்க்கப் போவதற்கு முன்பே கமிஷனைப் பேசிவிடுங்கள். தமிழ்நாட்டில் பொதுவாக ஒவ்வொரு பக்கமும் 1 முதல் 2 சதவீதம் வரை வாங்குகிறார்கள். “முடிஞ்சதும் பார்த்துக் குடுங்க சார்” என்று விட்டுவிடுகிறவரிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும். கமிஷன் பேசாத இடத்தில் விலையில் மேலே வைத்துச் சொல்வது நடக்கும். ஓனர் செண்டுக்கு 6 லட்சம் சொல்லியிருப்பார், உங்களிடம் ஆறரை என்பார்கள். 5 செண்டுக்கு உங்கள் கையிலிருந்து 2,50,000 ரூபாய் கூடுதலாகப் போகும். வெளிப்படையாக 2 சதவீதம் கொடுத்திருந்தால் 60,000 ரூபாயோடு முடிந்திருக்கும்.

பேசியதை அன்றே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள்: கிராமம், சர்வே எண், கமிஷன் எத்தனை சதவீதம், கிரயப் பதிவு அன்று மட்டுமே தரப்படும், நடுவில் எத்தனை புரோக்கர் வந்தாலும் இதற்குள்ளேயே பிரித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கடைசி வரியை விட்டுவிட வேண்டாம். பதிவு நாளில் டீக்கடைப் பக்கம் நான்கு பேர் வந்து “நாங்கதான் பார்ட்டியக் காட்டினோம்” என்று நிற்பது சாதாரணமாக நடக்கிறது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஓனரை நேரில் பார்த்தே ஆக வேண்டும். “அவர் யார்கிட்டயும் பேச மாட்டாரு, எல்லாம் நான்தான்” என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் விலையில் வைத்திருப்பார்கள், அல்லது புரோக்கரே ஓனரிடம் கொஞ்சம் பணம் கொடுத்து மூன்று மாத அக்ரிமென்ட் போட்டு, கைமாற்றி விடப் பார்ப்பார். ஓனர் எதிரில் உட்கார்ந்ததும், புரோக்கரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “உங்க கைக்கு எவ்வளவு வரணும்?” என்று கேளுங்கள். நேர்மையான புரோக்கருக்கு இந்தக் கேள்வி சங்கடம் தராது.

இனி ஆவணங்கள். புரோக்கர் கொடுக்கும் ஜெராக்ஸ் கட்டை வாங்கிக்கொள்ளுங்கள், எண்களைத் தெரிந்துகொள்ள அது உதவும். ஈசியை (வில்லங்கச் சான்றை) மட்டும் நீங்களே பதிவுத்துறை இணையதளத்தில் 30 வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள், பார்வையிடக் கட்டணம் கிடையாது. தவறு நடப்பது உட்பிரிவு எண்ணில். மனை இன்று 112/2ஏ1 என்றால், அந்த எண்ணுக்கு மட்டும் போட்ட ஈசி சுத்தமாக வரலாம். உட்பிரிவு ஆவதற்கு முன் 112/2 என்ற பெயரில் நடந்த அடமானமோ பாகப்பிரிவினையோ அதில் வராமல் போய்விடும். ஆகவே பழைய எண்ணுக்கும் தனியாகப் போடுங்கள். கிராமம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால் இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டும். பதிவாகாத உயில், நீதிமன்ற வழக்கு போன்றவை ஈசியில் வராமல் இருக்கலாம். அதற்காகத்தான் தாய்ப்பத்திரத்திலிருந்து (சொத்தின் மூலப் பத்திரம்) இன்றுவரை உள்ள அசல்களை ஒரு வக்கீலிடம் காட்டச் சொல்கிறோம். அந்த வக்கீல் புரோக்கர் கூட்டிவந்தவராக இருக்கக் கூடாது. “அசல் பீரோவுல இருக்கு, பதிவன்னைக்குப் பார்த்துக்கலாம்” என்றால் அது எங்காவது அடகில் இருக்கலாம்.

பூர்வீகச் சொத்தென்றால் வாரிசுச் சான்றில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். கட்டிக்கொடுத்த மகள்களின் கையெழுத்து இல்லாமல் முடித்த கிரயம்தான் பிறகு கோர்ட்டுக்குப் போகிறது.

பட்டா, புலப்படம் (நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் சர்வே வரைபடம்), ‘அ’ பதிவேடு (கிராமத்து நிலங்களின் வகையும் உரிமையாளரும் உள்ள பதிவேடு) மூன்றும் வருவாய்த்துறை இணையதளத்தில் கிடைக்கும். புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடத்தில் போய் நில்லுங்கள். நீங்கள் நடந்து வந்த பாதை படத்தில் இல்லையென்றால் அது யாரோ ஒருவரின் பட்டா நிலமாக இருக்கலாம். பாதை உரிமை பத்திரத்தில் எழுதப்படாவிட்டால் நாளைக்கே வேலி போடலாம். புரோக்கர் இல்லாத நேரத்தில் இன்னொரு தடவை போய்ப் பக்கத்து வீட்டாரிடம் பேசுங்கள். மழைக்காலமாக இருந்தால் இன்னும் நல்லது, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும்.

லேஅவுட் மனை என்றால் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அங்கீகாரம் பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய திட்டங்களை ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி அமைந்த ஆணையம்) பதிய வேண்டும், அவற்றை விற்கும் ஏஜென்டுக்கும் ரெரா பதிவு எண் வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

ஓனருக்குப் பதிலாக பவர் (விற்க அதிகாரம் தரும் பத்திரம்) வைத்திருப்பவர் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவரோடு வீடியோவிலாவது பேசுங்கள். அவர் இறந்துவிட்டால் பவர் செல்லாது. பவர் ரத்தாகியிருக்கிறதா என்று அது பதிவான அலுவலகத்தில் விசாரியுங்கள். பணம் பவர் கொடுத்தவரின் வங்கிக் கணக்குக்கே போகட்டும்.

டோக்கன் அட்வான்ஸ் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஓனர் கணக்குக்குத்தான், புரோக்கர் கையில் கொடுக்க வேண்டாம். நிலத்துக்கான அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மனை 50 லட்சத்தைத் தொட்டால் விலையில் 1 சதவீதம் டிடிஎஸ் (விற்பவருக்குத் தரும் பணத்திலிருந்து முன்பே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு, இதைப் பல புரோக்கர்கள் சொல்வதே இல்லை. ‘வழிகாட்டி மதிப்புக்குப் (அரசு நிர்ணயித்த மதிப்பு) பத்திரம், மீதி கருப்பில்’ என்ற யோசனைக்கு இணங்காதீர்கள். நாளைக்கு வழக்கு வந்தால் பத்திரத்தில் எழுதிய தொகையைத்தான் நீங்கள் நிரூபிக்க முடியும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இவற்றை இணையவழியில் நீங்களே கட்டலாம். “ஆபீஸ் செலவு” என்று மொத்தமாகக் கேட்டால் ரசீது கேளுங்கள்.

பதிவு முடிந்ததும் பேசிய கமிஷனை அன்றே, வங்கி வழியாக, குறைக்காமல் கொடுத்துவிடுங்கள். வேலை முடிந்தபின் பேரம் பேசுவது நம் பக்கத்து நேர்மைக்கேடு. முழுப் பட்டாவும் உங்களுக்கு வருகிறதென்றால் பெயர் மாற்றம் எளிது. ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் சர்வேயர் அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும். அந்த விண்ணப்ப எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, உங்கள் பெயரில் பட்டா வரும்வரை நீங்களே இணையத்தில் பார்த்து வாருங்கள்.