சாவி கொடுக்கும் வாட்சைக் கழற்றி மாட்டப் பழகுவது எப்படி?

பழகுவதற்கென்று ஓடாத வாட்சை வாங்காதீர்கள். ‘ஓடாததுதானே, கெட்டாலும் நஷ்டமில்லை’ என்றுதான் தோன்றும். ஆனால் அதில் ஏற்கெனவே இருந்த கோளாறு எது, உங்கள் கைபட்டு வந்தது எது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. ஓடிய வாட்ச் மாட்டியபின் நின்றால், காரணம் நீங்கள் தொட்ட இடத்தில்தான் இருக்கும். தேடினால் அகப்படும்.

என் சிபாரிசு பழைய எச்.எம்.டி. ஜனதா அல்லது பைலட். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் வாட்சுகள் இவை. பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது 0231 என்ற, 17 ஜூவல் (அச்சுகள் சுழல உதவும் சிறு கற்கள்) கொண்ட மூவ்மெண்ட், அதாவது வாட்சின் உள்ளிருக்கும் இயந்திரம். ஆன்லைனில் பளபளவென்று விற்பவை அநேகமாக டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்தவை. பழகுவதற்கு அதனால் பாதகமில்லை. இதன் சிறிய பாகங்கள் கண்ணுக்குச் சிரமம் என்றால் சீனத்து எஸ்.டி. 36 மூவ்மெண்ட்டை வாங்கலாம். 36.6 மி.மீ. அகலம், பாகங்களும் பெரிது.

சாமான்கள்

10 மடங்கு பெரிதாக்கும் லூப் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் லென்ஸ்), நுனி மெல்லிய ட்வீசர், 0.8 முதல் 1.6 மி.மீ. வரையிலான ஸ்க்ரூ டிரைவர்கள், மூவ்மெண்ட் ஹோல்டர், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா. டிரைவரின் அகலம் ஸ்க்ரூவின் வெட்டுக்குச் சரியாக இருக்கட்டும். சிறிதானால் வழுக்கி பிரிட்ஜைக் (சக்கரங்களின் மேல்முனைகளைத் தாங்கும் தகடு) கீறிவிடும். ஒவ்வொரு பாகத்தையும் எடுக்குமுன் போனில் ஒரு படம் எடுங்கள்.

கழற்றுவது

பின்மூடியைத் திறந்ததும் சாவித் தண்டை (சாவி கொடுக்கும் குமிழோடு சேர்ந்த தண்டு) உருவ வேண்டும். பக்கத்தில் சிறு ஸ்க்ரூ இருந்தால் ஓரிரு சுற்று தளர்த்தினால் போதும். முழுதாகக் கழற்றினால் டயல் பக்கத்து லீவர் இடம்மாறிவிடும். மூவ்மெண்ட்டை வெளியே எடுத்து, முள்ளையும் டயலையும் கழற்றி, தண்டைத் திரும்பச் செருகுங்கள்.

இனி வருவதுதான் முக்கியம்: வாட்சை ஓட்டும் சுருள்வில்லான மெயின் ஸ்பிரிங்கின் விசையை இறக்குவது. சாவியை விரலில் பிடித்து, முறுக்கும் பக்கமாக லேசாகத் திருப்பி, கிளிக்கை (ஸ்பிரிங் பின்னோக்கி அவிழாமல் தடுக்கும் கொக்கி) ஒரு மரக்குச்சியால் தள்ளிப் பிடியுங்கள். சாவியை விடாமல், விரலிடுக்கில் மெதுவாகப் பின்னோக்கிச் சுழல விடுங்கள். விசையோடு பேலட் ஃபோர்க்கைத் (சக்கரங்களை ஒவ்வொரு பல்லாக விட்டுப் பிடிக்கும் சிறு கவை) தூக்கினால் சக்கரங்கள் அத்தனையும் ஒரே மூச்சில் சுழன்று, மயிரிழை போன்ற அச்சு முனைகள் ஒடியக்கூடும்.

அடுத்தது பேலன்ஸ், முன்னும் பின்னும் ஆடி வாட்சின் வேகத்தைச் சீராக வைக்கும் சக்கரம். அதன் பிரிட்ஜில் ஒரே ஸ்க்ரூதான். எடுத்தபின் ஓரத்து வெட்டில் டிரைவரை விட்டு நெம்பி, பிரிட்ஜை ட்வீசரால் நேராக மேலே தூக்குங்கள். சக்கரம் ஹேர் ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருளில் தொங்கிக்கொண்டு வரும். பதறி இழுக்காமல், பிரிட்ஜைக் கவிழ்த்து வையுங்கள். பிறகு பேலட் ஃபோர்க், ராட்செட் சக்கரம் (மெயின் ஸ்பிரிங்கை முறுக்கும் சக்கரம்), பிரிட்ஜுகள், பல்சக்கரங்கள். ராட்செட்டைச் சுழற்றும் கிரவுன் வீலின் ஸ்க்ரூ பல மூவ்மெண்ட்டுகளில் இடது புரி. திறக்க வலப்பக்கம் திருப்ப வேண்டும். டயல் பக்கத்து லீவர்களை இப்போதைக்குத் தொடவே வேண்டாம்.

மாட்டுவது

அதே வரிசை, தலைகீழாக. சிக்கல் ஒன்றுதான்: பல்சக்கரங்களின் மேல்முனைகள் எல்லாம் பிரிட்ஜின் கல் துளைகளில் ஒருசேர உட்கார வேண்டும். பிரிட்ஜை மேலே வைத்து, விரலால் பூப்போலத் தொட்டபடி சக்கரங்களை ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். தானாக இறங்கும். மெயின் ஸ்பிரிங் இருக்கும் பீப்பாயைக் குச்சியால் லேசாகத் தள்ளும்போது எல்லாச் சக்கரமும் தடையின்றிச் சுழலும்வரை ஸ்க்ரூவை முடுக்கக் கூடாது. இங்கே பொறுமையில்லாமல் முடுக்குவதில்தான் நிறைய வாட்சுகள் பாழாகின்றன.

பேலட் ஃபோர்க்கை வைத்ததும் இரண்டு முறுக்கு சாவி கொடுத்து, ஃபோர்க்கை ட்வீசர் முனையால் தொடுங்கள். வெடுக்கென்று மறுபக்கம் தாவினால் சரி. பேலன்ஸின் அடியிலுள்ள சிவப்புக் கல் ஃபோர்க்கின் வாய்க்குள் சேர்ந்ததும் சக்கரம் தானே ஆட ஆரம்பிக்கும்: 0231-ல் நொடிக்கு 5 டிக்.

கழுவுவதும் எண்ணெய் விடுவதும் இந்த வரிசை கைக்கு மனப்பாடமான பிறகுதான். அப்போதும் தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம், பரவி ஓடிவிடும். வாட்ச் எண்ணெயைக் கல்லின் குழியில் பாதிக்குமேல் விடாதீர்கள். பற்களுக்கும் பேலட் ஃபோர்க் அச்சுக்கும் எண்ணெயே கூடாது. பேலட் ஃபோர்க்கை ஆல்கஹாலில் ஊறப்போட்டால் கற்களை ஒட்டியிருக்கும் அரக்கு கரைந்துவிடும்.