பிள்ளை பெற்றபின் ஓட்டம்: பந்தயத் தேதியைக் கடைசியில் குறிப்பது எப்படி

குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே பலர் ஜனவரியில் வரும் சென்னை மாரத்தான் போன்ற பந்தயத்துக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். பிறகு அந்தத் தேதிக்கு உடம்பை இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறார்கள். சிறுநீர்க் கசிவு, இடுப்பு வலி, முழங்கால் வலி எனப் பாதியில் நின்றுபோகும் பயிற்சிகளில் நிறைய இப்படித் தொடங்கியவைதான். பிரசவ நாளிலிருந்து எண்ணி, உடம்பு ஒவ்வொரு சோதனையையும் தாண்டிய பிறகு பந்தயத் தேதியைக் குறிக்க வேண்டும். இதுவரை ஓடியே பழக்கமில்லாதவர்களுக்கும், கர்ப்பத்துக்கு முன் ஓடி நிறுத்தியவர்களுக்கும் வழி இதுவேதான்.

முதல் 6 வாரம்: பச்சை உடம்பு

இந்த நாட்களில் ஓட்டம் கிடையாது. செய்ய வேண்டியவை இரண்டு.

முதலாவது நடை. வீட்டுக்குள் 5 நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டினால் ஆறாம் வாரத்தில் 30 நிமிடம் வரும். சிசேரியன் ஆனவர்கள் தையல் இழுக்காத அளவுக்கு இன்னும் மெதுவாகக் கூட்டலாம். குறைந்துவந்த உதிரப்போக்கு ஒரு நாள் திடீரென்று பிரகாசமான சிவப்பாகத் திரும்பினால், முந்தைய நாள் அளவு மீறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு நடையைப் பாதியாக்குங்கள். அப்படியும் குறையாவிட்டால், அல்லது போக்கு அதிகமாக இருந்தால், தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

இரண்டாவது இடுப்புத் தளத் தசைப் பயிற்சி. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைக் கீழிருந்து தாங்கும் தசைகள் இவை. மூச்சை வெளியே விட்டபடி, காற்றையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவதுபோல் உள்ளே மேல்நோக்கி இழுங்கள். தொடக்கத்தில் 3 நொடி பிடித்தால் போதும். சில வாரங்களில் 10 நொடிக்குக் கொண்டுவாருங்கள். 10 முறை நீளமாக, 10 முறை வெடுக்கென்று, நாளுக்கு மூன்று வேளை. பால் கொடுக்கும் நேரத்தோடு சேர்த்துவிட்டால் மறக்காது. இழுத்ததை முழுசாகத் தளர்த்துவதும் பயிற்சியில் பாதி, அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழக வேண்டாம்.

வயிற்றைத் துணியால் கட்டும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. தாங்கிப் பிடித்ததுபோல் இருப்பதால் நடக்க இதமாக இருக்கும். ஆனால் கர்ப்பத்தில் நடுவே இரு பக்கமும் விலகிய வயிற்றுத் தசைக்கு அது பலம் தராது. இறுக்கிக் கட்டினால் அழுத்தமெல்லாம் கீழே இடுப்புத் தளத்தின் மேல் இறங்கும். கட்டுவதானால் தளர்வாகக் கட்டுங்கள்.

6 வாரப் பரிசோதனையில் கேட்க வேண்டியவை

மருத்துவர் "எல்லாம் சரி" என்றால் காயம் ஆறியது, கருப்பை சுருங்கியது என்றுதான் பொருள். ஓடலாமா என்பது தனிக் கேள்வி, அதை நீங்களே கேட்க வேண்டும். சிசேரியனில் வெட்டித் தைத்த, வயிற்றுத் தசையை மூடிய உறை 6 வாரத்தில் பழைய பலத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் திரும்பியிருக்கும். முக்கால் பங்கும் அதற்கு மேலும் வர 6, 7 மாதம் பிடிக்கும். சுகப்பிரசவத்தில் விரிந்த இடுப்புத் தளம் மீள்வதற்கும் 4 முதல் 6 மாதம் ஆகும். வெளியே தழும்பு காய்ந்திருப்பதைப் பார்த்து உள்ளே ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

ஹீமோகுளோபின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் 5ஆம் சுற்றில் இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. பிரசவத்தில் போன இரத்தமும் சேரும்போது, மெதுவாக ஓடினாலே மூச்சு வாங்குவது பயிற்சிக் குறையால் என்று தவறாக நினைத்துக்கொள்வோம். அரசுத் திட்டப்படி பிரசவத்துக்குப் பின் 180 நாள் இரும்புச் சத்து மாத்திரை உண்டு, நிறுத்திவிடாதீர்கள்.

வயிற்றுத் தசை விலகலை வீட்டிலேயே பார்க்கலாம். முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்து, தலையை மட்டும் தூக்கித் தொப்புளுக்கு மேலும் கீழும் விரல் வைத்து அழுத்துங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தாலோ, நடுவில் கூரைபோல் மேடு எழும்பினாலோ பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். பெண்கள் உடல்நலத்தில் பயிற்சி பெற்றவர் கிடைத்தால் மிக நல்லது. ஓடவே தொடங்காவிட்டாலும் அந்த ஒரு சந்திப்புக்குச் செலவழிக்கலாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

12ஆம் வாரம்: ஓடலாமா என்ற சோதனை

பிரசவத்துக்குப் பின் ஓட்டம் பற்றி 2019இல் பிரிட்டன் பிசியோதெரபிஸ்ட்டுகள் வெளியிட்ட வழிகாட்டுதல், 12 வாரத்துக்கு முன் ஓட வேண்டாம் என்கிறது. மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொடங்குவதே பெரும்பாலானவர்களுக்குப் பொருத்தம். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு வரையான விசை தரையிலிருந்து உடம்புக்குள் ஏறுகிறது. 20 நிமிடத்தில் அப்படி 3,000 அடிக்கு மேல் விழும். அத்தனையையும் இடுப்புத் தளம் தாங்க வேண்டும்.

வலியோ, கசிவோ, கீழே ஏதோ இறங்குவதுபோன்ற பாரமோ இல்லாமல் இவற்றைச் செய்ய முடிகிறதா பாருங்கள்:

- 30 நிமிடம் வேகநடை
- ஒற்றைக்காலில் 10 நொடி நிற்பது
- ஒற்றைக்காலில் முழங்காலை மடக்கி இறங்கி எழுவது, ஒவ்வொரு காலிலும் 10
- நின்ற இடத்திலேயே 1 நிமிடம் ஓடுவது
- முன்னோக்கி 10 தாவல்
- நொண்டியாட்டம்போல் ஒவ்வொரு காலிலும் 10 குதி

இவற்றோடு கால்பலமும் வேண்டும். ஒற்றைக்கால் குதிகால் உயர்த்தல், ஒற்றைக்காலில் நாற்காலியிலிருந்து எழுதல், மல்லாந்து படுத்து ஒற்றைக்காலை ஊன்றி இடுப்பைத் தூக்குதல், ஒருக்களித்துப் படுத்துக் காலை உயர்த்தல் ஆகியவற்றில் பக்கத்துக்கு 20 வர வேண்டும். 20 வராவிட்டால், வருகிற எண்ணிக்கையில் வாரம் மூன்று நாள் செய்து இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். சோதனையில் தேறாததால் உங்கள் தேதி தள்ளிப்போகிறது, அவ்வளவுதான்.

ஓட்டமும் நடையும்: 10 வாரம்

வாரம் மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. முன்னும் பின்னும் 5 நிமிட நடை. ஓடிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் போதும். பேச முடியாவிட்டால் வேகம் அதிகம்.

1ஆம் வாரம்: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 7 முறை
2: 1 ஓட்டம், 1 நடை, 10 முறை
3: 2 ஓட்டம், 2 நடை, 6 முறை
4: 3 ஓட்டம், 2 நடை, 5 முறை
5: 5 ஓட்டம், 2 நடை, 4 முறை
6: நான்காம் வாரமே மறுபடி
7: 8 ஓட்டம், 2 நடை, 3 முறை
8: 10 ஓட்டம், 2 நடை, 10 ஓட்டம், 2 நடை, 5 ஓட்டம்
9: 15 ஓட்டம், 2 நடை, 15 ஓட்டம்
10: 30 நிமிடம் நிற்காமல்

ஓடும்போது ஒன்றும் தெரியாமல், அன்று மாலையோ மறுநாள் காலையோ பாரமோ கசிவோ வந்தாலும் அது கணக்கில் சேரும். முந்தைய வாரத்துக்கு இறங்குங்கள். இரண்டு முறை இறங்கியும் நிற்காவிட்டால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள், கருப்பை இறக்கம் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். "பிள்ளை பெற்றால் இதெல்லாம் சகஜம்" என்று வீட்டில் சொல்வார்கள். பலருக்கு வருகிறது என்பது உண்மைதான். அதற்காகச் சகித்துக்கொண்டே ஓடுவது தவறு, பயிற்சியால் பெரும்பாலும் சரியாகக்கூடியது அது.

இரவில் மொத்தமாக நான்கு மணி நேரம்கூடத் தூங்காத நாளில் ஓட வேண்டாம், நடந்துவிட்டு வாருங்கள்.

இப்போது தேதி

கணக்கு எளிது. பிரசவ நாள், அதோடு 12 வாரம், 10 வாரம், பின்வாங்கிய வாரங்களுக்காக 4 வாரம். மொத்தம் 26 வாரம். அதற்குப் பின் வரும் 5 கிலோமீட்டர்தான் முதல் பந்தயம்.

மார்ச் 10 பிரசவம் என்றால் ஜூன் 2 சோதனை நாள். செப்டம்பர் 8 வாக்கில் 30 நிமிடம் ஓடுவீர்கள். ஜனவரித் தொடக்கத்தில் வரும் சென்னை மாரத்தானுக்கு அதன்பின் ஏறக்குறைய 17 வாரம் இருக்கும். நீள ஓட்டத்தை (வாரத்தில் ஒரு நாள், மற்ற நாட்களைவிட அதிக தூரம் ஓடுவது) வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோமீட்டர் கூட்டி, நான்காவது வாரம்தோறும் குறைத்தால், அங்கே 10 கிலோமீட்டர் ஓடுவது நியாயமான இலக்கு. பயிற்சியில் 8 கிலோமீட்டர் தொட்டிருந்தால் போதும்.

ஆகஸ்ட் 20 பிரசவம் என்றால் கதை வேறு. சோதனை நாளே நவம்பர் 12. அந்த ஜனவரியை விட்டுவிடுங்கள். பிப்ரவரி 18க்குப் பின் ஏதாவது ஒரு 5 கிலோமீட்டர். பிறகு கோடை வந்துவிடும், காலை 6 மணிக்குள் முடிக்கும் குட்டை ஓட்டங்களோடு அதைக் கடந்து, டிசம்பரில் கோயம்புத்தூரிலோ அடுத்த ஜனவரியில் சென்னையிலோ 10 கிலோமீட்டர் வையுங்கள். அரை மாரத்தானை (21 கிலோமீட்டர்) எப்படியும் குழந்தைக்கு ஒரு வயது தாண்டிய பிறகு நினைப்பதே நல்லது.

ஒரே பந்தயத்துக்கு மூன்று இலக்கு எழுதிக்கொள்ளுங்கள். கசிவோ வலியோ இல்லாமல் தொடக்கக் கோட்டில் நிற்பது முதலாவது. நடந்தாலும் ஓடினாலும் முடிப்பது இரண்டாவது. மூன்றாவதாக மட்டும் நேரம், அதுவும் கடைசி நான்கு வார நீள ஓட்டங்களின் வேகத்தை வைத்து. கிலோமீட்டருக்கு 8 நிமிடம் ஓடுகிறீர்கள் என்றால் 10 கிலோமீட்டருக்கு 80 நிமிடம். கர்ப்பத்துக்கு முந்தைய நேரத்தை இந்தத் தாளில் எழுதவே வேண்டாம்.

2007 ஜனவரியில் பிள்ளை பெற்று நவம்பரில் நியூயார்க் மாரத்தானை வென்ற பிரிட்டன் ஓட்டக்காரர் பவுலா ராட்கிளிஃபை எல்லோரும் சொல்வார்கள். இடையில் அவருக்கு இடுப்பின் பின்பக்க எலும்பில் விரிசல் வந்ததைச் சொல்ல மாட்டார்கள். கென்யாவின் ஃபெய்த் கிப்யெகான் 2018 ஜூனில் தாயானார், ஒரு வருடம் கழித்துத்தான் பந்தயத்துக்குத் திரும்பினார், 2021 டோக்கியோவில் 1,500 மீட்டர் தங்கம் வென்றார். முழுநேர ஓட்டக்காரருக்கே அத்தனை காலம் தேவைப்பட்டது.

பாலும் சாப்பாடும்

முதல் 6 மாதம் பால் கொடுக்கும் தாய்க்கு நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும், அடுத்த 6 மாதம் 520. இது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்கு. ஓட்டத்துக்கு ஆவது இதற்கும் மேல். பத்தியம் என்ற பெயரில் சோற்றையும் தண்ணீரையும் குறைக்கிற வீட்டில் ஓட்டம் தொடங்கினால் எலும்பில் விரிசல் வரக்கூடும். வாரக்கணக்கில் தீராத அசதி, குறையும் பால், கீழ்க்கால் எலும்பில் ஒரே புள்ளியில் தொட்டால் வலி ஆகியவை சாப்பாடு போதவில்லை என்பதற்கான அறிகுறிகள். ஓடி வந்த அரை மணிக்குள் இரண்டு இட்லியும் முட்டையும், அல்லது சுண்டலும் வாழைப்பழமும் சாப்பிடுங்கள். எடையைக் குறைப்பதையும் பந்தயத்தையும் ஒரே காலத்தில் இலக்காக வைக்காதீர்கள்.

ஓடும் முன் பால் கொடுத்துவிடுங்கள், மார்பு கனக்காது. மிதமாக ஓடுவதால் பால் கெடாது. விளையாட்டு பிரா இறுக்கமாக இருந்தால் பால் கட்டிக் காய்ச்சல் வரலாம், ஓடி முடித்ததும் மாற்றிவிடுங்கள்.

பந்தய நாள்

பல பந்தயங்கள் விடியும் முன்பே தொடங்கும். எழுந்து ஒருமுறை பால் கொடுத்து, கிளம்புமுன் இன்னொரு வேளைக்குப் பிழிந்து வையுங்கள். பிழிந்த பால் 25 டிகிரி வரை வெளியே 4 மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெக்கையில் ஐஸ் பெட்டியில் வைப்பதே சரி. குழந்தையோடு ஒருவர் முடிவுக் கோட்டுக்கு அருகில், கூட்டத்துக்கு வெளியே, முன்பே பேசிவைத்த இடத்தில் நிற்கட்டும்.

முதல் கிலோமீட்டரைப் பயிற்சி வேகத்தைவிட அரை நிமிடம் மெதுவாக ஓடுங்கள். கூட்டத்தின் வேகத்தில் போனால் ஏழாவது கிலோமீட்டரில் இடுப்பு தளர்ந்து, கசிவு அங்கேதான் தொடங்கும். தொடங்கினால் நடையாக மாற்றிக்கொள்ளுங்கள்.

முடித்த பிறகு ஒரு வாரம் நடை மட்டும். அந்த வாரத்தில் பாரமோ இடுப்பு வலியோ வருகிறதா என்று கவனியுங்கள். அடுத்த பந்தயத்துக்குப் பணம் கட்டுவதை இரண்டு வாரம் தள்ளி வைத்து, 12ஆம் வாரச் சோதனையை மறுபடி ஒருமுறை செய்துவிட்டுக் கட்டுங்கள்.