கவரேஜ் சதவீதம் எங்கே ஏமாற்றும்? பைத்தானில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிரல் சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் டெஸ்டுகள் ஓடும்போது, அந்த நிரலின் எத்தனை சதவீத வரிகள் இயங்கின என்று சொல்வதே கவரேஜ். பைத்தான் நிரலில் எந்த வரிகள் ஓடின, எவை ஓடவில்லை என்று காட்டும் கருவிகளில் இரண்டு பரவலாகப் பயன்படுகின்றன. ஒன்று மொழியோடு சேர்ந்தே வரும் ட்ரேஸ் மாட்யூல். மற்றொன்று தனியாக நிறுவ வேண்டிய கவரேஜ்.பை. இரண்டும் நெடுங்காலமாகச் சார்ந்திருப்பது சிஸ் மாட்யூலில் உள்ள செட்ட்ரேஸ் என்ற வசதியைத்தான். அதில் நாம் ஒரு ஃபங்ஷனைப் பதிவு செய்துவிட்டால் (இதுவே ட்ரேசர்), ஒவ்வொரு புதிய வரியை ஓட்டுவதற்கு முன்பும், நிரலை இயக்கும் இன்டர்பிரட்டர் அதை அழைத்துத் தகவல் சொல்லும். அறிக்கையில் சதவீதம் விசித்திரமாக இருந்தால், டெஸ்ட் எழுதியவரைக் குறை சொல்வதற்கு முன் இந்த ஏற்பாடு எப்போது தொடங்கியது, எங்கே அறுந்தது என்று பார்ப்பதே முறை.

சொந்தமாக ட்ரேசர் எழுதுபவர்கள் முதலில் சறுக்குவது ரிட்டர்ன் மதிப்பில். ஒரு ஃபங்ஷனுக்குள் நுழையும்போது ‘கால்’ என்ற நிகழ்வோடு நம் ட்ரேசர் அழைக்கப்படுகிறது. அப்போது அது திருப்பித் தரும் ஃபங்ஷனுக்குத்தான் அதன் பிறகு ‘லைன்’ நிகழ்வுகள் வந்து சேரும். ஒன்றையும் திருப்பித் தராமல் விட்டால் அது ‘நன்’, அதாவது ‘எதுவுமில்லை’ என்ற மதிப்பு, ஆகிவிடும். அழைப்புகள் மட்டும் திரையில் வரிசையாக வரும், உள்ளே இருக்கும் ஒரு வரி கூட வராது. இதைப் பார்த்து ‘உள்ளே எதுவும் ஓடவில்லை’ என்று முடிவு கட்டுவோர் உண்டு. செட்ட்ரேஸை அழைத்த அந்த ஃபங்ஷனின் மீதி வரிகளும் தானாகத் தடமறியப்படுவதில்லை, ஏனென்றால் அதற்குள் நுழைந்த கணம் முன்பே கடந்துவிட்டது. இன்னொரு நுட்பமான சிக்கலும் இருக்கிறது. ட்ரேசருக்குள்ளேயே பிழை எழுந்தால் பைத்தான் தடமறிதலை முழுவதுமாக நிறுத்திவிட்டு, அந்தப் பிழையை ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள் எழுப்பும். அங்கே எல்லாப் பிழைகளையும் விழுங்கும் ஓர் ‘எக்ஸெப்ட்’ இருந்தால், பாதியில் தடம் அறுந்ததே யாருக்கும் தெரியாது.

கவரேஜ்.பையில் அடிக்கடி நடப்பது தாமதமான தொடக்கம். அளவீட்டை டெஸ்ட் கோப்பின் உள்ளிருந்து, சோதிக்க வேண்டிய மாட்யூலை இம்போர்ட் செய்த பிறகு தொடங்கினால், ‘டெஃப்’, ‘கிளாஸ்’, ‘இம்போர்ட்’ வரிகள் ஏற்கெனவே ஓடி முடிந்திருக்கும். இதை அறிக்கையிலேயே கண்டுபிடிக்கலாம்: ஃபங்ஷனின் உடல் பச்சையாகவும் (ஓடியது) அதன் ‘டெஃப்’ தலைவரி சிவப்பாகவும் (ஓடவில்லை) இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். உள்ளே ஓடிய ஒன்றின் தலைவரி எப்படி ஓடாமல் இருந்திருக்க முடியும்? கட்டளை வரியில் ‘கவரேஜ் ரன்’ மூலமாகவே டெஸ்டுகளைத் தொடங்கினால் இந்தச் சிக்கல் எழாது. இதற்கு நேர்மாறான மயக்கமும் உண்டு. ஒரு கோப்பை இம்போர்ட் செய்த மாத்திரத்திலேயே அந்தத் தலைவரிகள் ஓடியதாகக் கணக்கில் ஏறிவிடும். ஆகவே சிறுசிறு ஃபங்ஷன்கள் நிறைந்த கோப்பு, ஒரு டெஸ்ட் கூட இல்லாமலே கணிசமான சதவீதம் காட்டும். யாருமே இம்போர்ட் செய்யாத கோப்போ, ‘சோர்ஸ்’ அமைப்பைக் குறிப்பிடாவிட்டால், அறிக்கையில் இடம்பெறவே பெறாது.

செட்ட்ரேஸ் நடப்பு த்ரெட்டுக்கு, அதாவது ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் பாதைகளில் ஒன்றுக்கு, மட்டுமே உரியது. கவரேஜ்.பை புதிய த்ரெட்களைத் தானே கவனித்துக்கொள்ளும். கையால் எழுதிய ட்ரேசரில், த்ரெட்டிங் மாட்யூலில் உள்ள செட்ட்ரேஸையும் த்ரெட் பிறப்பதற்கு முன்பே அழைத்தாக வேண்டும். தனித்தனியாக இயங்கும் நிரல்களான புராசஸ்கள் என்றால் ‘பேரலல்’ அமைப்பை இயக்கி, முடிந்ததும் ‘கம்பைன்’ கட்டளையால் தரவுகளைச் சேர்க்க வேண்டும். இல்லையெனில் ஒன்றின் கோப்பை மற்றொன்று மேலெழுதக்கூடும். நிரல் இயல்பாக முடியும் தருணத்தில்தான் தரவு வட்டில் எழுதப்படுகிறது என்பதால், முடித்துக்கொள்ளச் சொல்லும் சிக்டெர்ம் சிக்னலால் கொல்லப்பட்ட வொர்க்கர் புராசஸ் தான் பார்த்ததையெல்லாம் தன்னோடு கொண்டு போய்விடும். அதற்கென ‘சிக்டெர்ம்’ என்ற பெயரிலேயே ஓர் அமைப்பு இருக்கிறது.

ஒரு த்ரெட்டில் ஒரே நேரத்தில் ஒரு ட்ரேசருக்குத்தான் இடம். பிழை தேட உதவும் பிடிபி டீபக்கரும் வழக்கமாக அதே இடத்தைத்தான் பிடிக்கிறது. ஆகவே கவரேஜ் ஓடும்போது டீபக்கரைத் திறந்தால் அந்த ஓட்டத்தின் எண்களை நம்பக் கூடாது. 2023இல் வந்த பைத்தான் 3.12, பிஈபி 669 என்ற மேம்பாட்டு முன்மொழிவின்படி சிஸ்.மானிட்டரிங் என்ற புதிய வழியைத் தந்தது. அதில் கருவிகளுக்கு 0 முதல் 5 வரை தனித்தனி எண்கள் உண்டு. ஒரு முறை பார்த்த வரிக்கு மீண்டும் தகவல் வேண்டாம் என்று அணைக்கவும் முடியும் என்பதால் வேகமும் கூடுகிறது. எந்த வழியானாலும், கவரேஜ் இயங்கும்போது எடுத்த நேர அளவைச் செயல்திறன் அளவாகக் காட்டக் கூடாது.

இனி, கருவி சரியாகவே அளந்தாலும் மனிதர் தவறாகப் படிக்கும் இடம். பயணக் கட்டணம் கணக்கிடும் ஒரு ஃபங்ஷன்: வயது 60 அல்லது அதற்கு மேல் என்றால் விகிதத்தை 0.5 என வைக்கிறது. அடுத்த வரியில் 200ஐ விகிதத்தால் பெருக்கித் திருப்பித் தருகிறது. 65 வயதுக்கு ஒரே ஒரு டெஸ்ட் எழுதினால் விடை 100, எல்லா வரிகளும் பச்சை, கவரேஜ் 100 சதவீதம். 40 வயதுக்காரர் வந்தால் விகிதம் என்ற மாறிக்கு மதிப்பே இல்லாமல் நிரல் விழுகிறது. ‘பிராஞ்ச்’ அளவீட்டை இயக்கியிருந்தால், நிபந்தனை பொய்யாகும் பாதை எடுக்கப்படவில்லை என்று அந்த ‘இஃப்’ வரி மஞ்சளாகக் காட்டியிருக்கும். ஆனால் அதே தர்க்கத்தை ஒற்றை வரி நிபந்தனைக் கோவையாகச் சுருக்கி எழுதினால் பிராஞ்ச் அளவீடும் மௌனமாகிவிடும், ஏனெனில் அது வரிவிட்டு வரி தாவுவதை மட்டுமே கவனிக்கிறது. டெஸ்டில் விடையைச் சரிபார்க்கும் ‘அசெர்ட்’ இல்லாமல் வெறுமனே அழைத்துவிட்டுப் போனாலும் பச்சைதான்.

குறைந்தபட்ச சதவீதத்தை ‘ஃபெயில் அண்டர்’ மூலம் கட்டாயமாக்கும் குழுக்களில், எண்ணை எட்டுவதற்காக, ‘இதைக் கணக்கில் சேர்க்காதே’ என்று கருவியிடம் சொல்லும் ‘பிராக்மா: நோ கவர்’ குறிப்பைத் தூவும் பழக்கம் பரவுகிறது. என் பார்வையில் இது மேற்சொன்ன எல்லாவற்றையும்விட மோசம், ஏனென்றால் மற்றவை அறியாமல் நேர்பவை. அந்தக் குறிப்பை ‘இஃப்’ வரியில் இட்டால் அதன் கீழுள்ள தொகுதி முழுவதும், ‘டெஃப்’ வரியில் இட்டால் ஃபங்ஷன் முழுவதும் கணக்கிலிருந்து நீங்கிவிடும்; பின்னாளில் அதற்குள் சேர்க்கப்படும் வரிகளும் சத்தமில்லாமல் விடுபடும். உண்மையிலேயே தேவைப்படும் இடங்களில் அந்தக் குறிப்பின் அருகிலேயே காரணத்தையும் ஒரு வரியில் எழுதச் சொல்லி, கோட் ரிவ்யூவில் அதைக் கேட்டுப் பாருங்கள். எழுதக் காரணம் கிடைக்காத குறிப்புகள் தாமாகவே நீக்கப்பட்டுவிடும்.