பிடித்தது யார் என்று முதலில் கேளுங்கள்: ராமநாதபுரம் கடற்கரையில் கிரிமினல் வக்கீல் அமர்த்துவது எப்படி

வீட்டுப் பையனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று செய்தி வந்ததும் எல்லோரும் கேட்பது, "எந்த வக்கீலைப் பார்க்கிறது?" அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: பிடித்தது யார்? இந்தக் கடற்கரையில் உள்ளூர் போலீஸ், கடலோரப் பாதுகாப்புக் குழுமம், கியூ பிரிவு (போலீஸின் ஓர் உளவுப் பிரிவு), சுங்கத்துறை, வனத்துறை என்று ஐந்தாறு துறைகள் கைது செய்யலாம். ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, கோர்ட் வேறு, காகிதம் வேறு. கொலை வழக்கில் கைதேர்ந்த வக்கீல், கடல் அட்டை வழக்கைக் கையில் எடுத்தால் முதல் வாரம் தடுமாறத்தான் செய்வார்.

படி 1: எந்தத் துறை, என்ன பிரிவு

போலீஸ் பிடித்திருந்தால் எஃப்.ஐ.ஆர். எண்ணும் பிரிவும் வேண்டும். தமிழ்நாடு போலீஸ் இணையதளத்தில் பெரும்பாலான எஃப்.ஐ.ஆர்.களைப் பார்க்கலாம். பாலியல் குற்றம், போக்சோ போன்றவை அங்கே ஏறாது. 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவம் என்றால் பிரிவுகள் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இருக்கும், ஐ.பி.சி.யில் அல்ல. கொலை இப்போது 302 இல்லை, 103.

வனத்துறை வழக்கில் எஃப்.ஐ.ஆரைத் தேடி அலையாதீர்கள், இருக்காது. கடல் அட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வருகிறது. குறைந்தபட்சத் தண்டனையே 3 ஆண்டு, 7 ஆண்டு வரை போகலாம். வனச்சரக அலுவலகம் தன் சொந்தக் குற்ற எண்ணைப் போட்டு, கோர்ட்டில் நேரடியாகப் புகார் தாக்கல் செய்யும். இத்தகைய வழக்கில் குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பே சாட்சி விசாரணை தொடங்கிவிடும். அந்த நடைமுறையில் பழகியவர் வேண்டும்.

சுங்கத்துறை பிடித்தால் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. சுங்க அதிகாரி சுங்கச் சட்டத்தின் 108-ஆம் பிரிவில் எழுதி வாங்கும் வாக்குமூலம் சாட்சியமாகும். மிரட்டி வாங்கியிருந்தால், ரிமாண்டுக்கு (காவலில் வைக்கும் உத்தரவுக்கு) நிறுத்தும்போதே மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். ஆறு மாதம் கழித்துப் பின்வாங்கினால் கோர்ட் அவ்வளவாக மதிக்காது.

கஞ்சா வழக்கில் எடைதான் எல்லாம். 1 கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, அப்போது போதைப்பொருள் சட்டத்தின் 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்: ஆள் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்றினாலொழிய ஜாமீன் இல்லை. 19 கிலோவுக்கும் 21 கிலோவுக்கும் நடுவே சில வருடச் சிறைவாசம் இருக்கிறது. எடை போட்டது யார், மூட்டையோடு சேர்த்தா, மாஜிஸ்திரேட் முன்னிலையில் மாதிரி எடுத்தார்களா என்று முதல் சந்திப்பிலேயே கேட்கும் வக்கீல், விஷயம் தெரிந்தவர்.

பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர்ந்திருந்தால் முன்ஜாமீனுக்கு அந்தச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு தடை. ஜாமீன் மறுக்கப்பட்டால் ஐகோர்ட்டுக்குப் போவது 14-ஏ பிரிவின்கீழ் அப்பீலாக, சாதாரண ஜாமீன் மனுவாக அல்ல.

(இலங்கைக் கடற்படை பிடித்த மீனவர் வழக்கு இந்தக் கட்டுரையில் அடங்காது. அது அந்நாட்டுச் சட்டப்படி அங்குள்ள கோர்ட்டில் நடப்பது. யாழ்ப்பாணத்து இந்தியத் துணைத் தூதரகமும் மீன்வளத் துறையும்தான் அதற்கு வழி.)

படி 2: முதல் 24 மணி நேரம்

பெரிய வக்கீலைத் தேடி, ஐகோர்ட் கிளை இருக்கும் மதுரைக்குப் பஸ் ஏறும் நேரம் இதுவல்ல. ரிமாண்டுக்கு நிறுத்தும்போது பக்கத்தில் நிற்க, அந்தக் கோர்ட்டில் தினமும் நிற்கும் ஒருவர் வேண்டும். தொண்டிப் பக்கம் என்றால் திருவாடானை, பாம்பன் தீவுக்குள் என்றால் ராமேஸ்வரம், இப்படி அந்தந்த ஸ்டேஷன் எந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டைச் சேர்ந்தது என்று பாருங்கள். லீவு நாளில் நீதிபதியின் வீட்டிலேயே ரிமாண்ட் நடக்கும். எந்த வீடு, எத்தனை மணி என்பதெல்லாம் உள்ளூர் வக்கீலுக்கும் அவர் குமாஸ்தாவுக்கும்தான் தெரியும்.

அவர் செய்ய வேண்டியவை: கைதுக்கான காரணத்தை எழுத்தில் கொடுத்தார்களா என்று பார்ப்பது (எல்லா வழக்கிலும், கைதானவருக்குத் தெரிந்த மொழியில் எழுதித் தர வேண்டும், ரிமாண்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பாவது அது கையில் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் சொல்லிவிட்டது), உடம்பில் காயம் இருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிப் பதிவு செய்வது, ரிமாண்டை எதிர்ப்பது. விசாரணையின் நடுவே வக்கீலைச் சந்திக்கக் கைதானவருக்கு உரிமை உண்டு. விசாரணை முடியும்வரை வக்கீல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க முடியாது.

கடலில் பிடித்தால் நேரக் கணக்கில் சிக்கல் வரும். பிடித்தது இரவு 11 மணி, ஸ்டேஷனில் கைது காட்டியது மறுநாள் மதியம் 2 மணி என்று ஆவணம் சொல்லும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற விதிக்கு, உண்மையில் பிடித்த நேரம்தான் கணக்கு. பக்கத்துப் படகுக்காரர்கள் பார்த்த நேரம், கடைசியாக வந்த போன் அழைப்பு, மீன்வளத் துறை கொடுத்த டோக்கன் எல்லாவற்றையும் அன்றே ஒரு நோட்டில் எழுதி, வக்கீலிடம் ஒரு நகல் கொடுங்கள். ஸ்டேஷன் கேமரா பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி மனு போடுவதும் முதல் வாரத்து வேலை. தள்ளிப்போட்டால் பழைய பதிவின்மேல் புதிய பதிவு ஏறிவிடும்.

வீட்டார் செய்யக்கூடாதது ஒன்று: வாட்ஸ்அப்பில் வழக்கைப் பற்றிக் குரல் பதிவு அனுப்புவது. வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. மச்சானிடம் சொன்னதற்குக் கிடையாது.

படி 3: ஆளைத் தேடுவது

வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதனால் "டாப் 10 கிரிமினல் லாயர்" பட்டியல்களைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஸ்டேஷன் வாசலில் தானாக வந்து பேசும் ஆளிடமும் வேண்டாம். கோர்ட் வெளியிடும் புரோக்கர் பட்டியலில் பெயர் உள்ளவர் அந்த வேலையைச் செய்வது தண்டனைக்குரிய குற்றம்.

நல்ல வழி, ஈ-கோர்ட்ஸ் இணையதளம். மாவட்டத்தைத் தேர்ந்து, வக்கீல் பெயரைப் போட்டுத் தேடலாம். ராமநாதபுரம் செஷன்ஸ் கோர்ட்டில் அவர் எத்தனை வழக்கில் ஆஜராகிறார், எந்தச் சட்டத்தில், தீர்ப்பு வரை போனவை எத்தனை என்று தெரியும். ஜாமீன் மனு மட்டும் நூறு இருந்து, விசாரணை முடித்த வழக்கு இரண்டே இருந்தால் அவர் ஜாமீன் வக்கீல். அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் கொலை வழக்கின் குறுக்கு விசாரணைக்கு வேறு ஆள் பாருங்கள். ஆயுள் தண்டனை வரக்கூடிய வழக்கில் இலவச சட்ட உதவி வக்கீலுக்கே குறைந்தது 10 ஆண்டு அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொன்னது. பணம் கொடுத்து வைப்பவருக்கும் அந்த அளவுகோலையே வையுங்கள்.

ஊரே கொதிக்கிற வழக்கில் "எங்கள் சங்கம் யாரும் ஆஜராவதில்லை என்று தீர்மானம் போட்டிருக்கிறது" என்று சொல்லி மறுப்பார்கள். அந்தத் தீர்மானம் செல்லாது. கோயம்புத்தூரிலிருந்து போன ஒரு வழக்கில் 2010-இலேயே உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது. நடைமுறையில் சண்டை போட்டுப் பயனில்லை. பரமக்குடியிலிருந்தோ மதுரையிலிருந்தோ ஒருவரை அழைத்து வாருங்கள், அல்லது மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள்.

படி 4: முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை

எஃப்.ஐ.ஆர். நகல், ரிமாண்ட் உத்தரவு, கைதானவரின் பழைய வழக்கு விவரம் (மறைக்காதீர்கள், அரசு வழக்கறிஞர் எப்படியும் சொல்லிவிடுவார்) மூன்றையும் கொண்டுபோங்கள். பிறகு நேராகக் கேளுங்கள்:

"சார், இந்தப் பிரிவுல ஜாமீன் எந்தக் கோர்ட்ல கிடைக்கும்? இங்கே தள்ளிட்டா மதுரைக்கு யார் வருவாங்க, நீங்களா வேற ஆளா?"

"வாய்தாவுக்கு நீங்க வருவீங்களா, ஜூனியரா?"

"குற்றப்பத்திரிகைக்குக் கடைசி நாள் எது?"

மூன்றாவது கேள்விக்கு டைரியைப் புரட்டித் தேதி சொல்பவர் கவனமானவர். "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றால் யோசியுங்கள். "பத்து நாள்ல வெளிய எடுத்துடுறேன், எனக்கு ஜட்ஜைத் தெரியும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

படி 5: படகுக்காரர் பணம் கொடுத்தால்

கடற்கரை வழக்குகளில் அடிக்கடி நடப்பது இதுதான், அதிகம் கெட்டுப்போவதும் இங்கேதான். படகில் போன நாலு பேர் கைது. உரிமையாளரும் வழக்கில் இருக்கிறார். அவரே ஒரு வக்கீலை வைத்து, "எல்லாருக்கும் சேர்த்து நான் பாத்துக்கிறேன்" என்கிறார். வீட்டில் நகை அடகு வைக்காமல் வேலை முடிந்ததே என்று எல்லோருக்கும் நிம்மதி.

விசாரணையில் உரிமையாளருக்கு இருக்கும் தற்காப்பு: "படகை அவர்கள் எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனார்கள்." கூலிக்குப் போனவருக்கு இருக்கும் தற்காப்பு: "மூட்டையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, ஓனர் சொன்ன இடத்துக்குப் போனேன்." இரண்டையும் ஒரே வாய் சொல்ல முடியாது. பணம் கொடுத்தவர் பக்கம் வக்கீல் சாய்வார் என்று சொல்லவில்லை. ஒருவருக்காக ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது மற்றவரைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அவரால் முடியாது, அவ்வளவுதான். ஜாமீன் வரை ஒரே வக்கீல் இருக்கட்டும். குற்றப்பத்திரிகை நகல் கைக்கு வந்ததும், யார் மேல் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று படித்துவிட்டுத் தனி வக்காலத்து (வக்கீல் ஆஜராக அதிகாரம் தரும் பத்திரம்) போடுங்கள்.

பறிமுதலான படகைத் திரும்பக் கேட்பது தனி மனு, தனி ஃபீஸ். ஜாமீனோடு சேர்த்துப் பேசிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு பல மாதம் படகைக் கரையில் மக்கவிடாதீர்கள்.

படி 6: ஃபீஸும் வக்காலத்தும்

மொத்தமாக ஒரு தொகை பேசாமல் கட்டம் கட்டமாகப் பேசுங்கள்: மாஜிஸ்திரேட் கோர்ட் ஜாமீன், செஷன்ஸ் ஜாமீன், மதுரைக் கிளை, பிறகு விசாரணை. டைப்பிங், நகல், குமாஸ்தா செலவு உள்ளே அடக்கமா வெளியேவா என்று கேளுங்கள். பணத்தை வக்கீலின் சொந்தக் கணக்கில் போடுங்கள், ரசீது வாங்குங்கள். வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவது விதிப்படி தவறு, அப்படி ஒருவர் பேசினாலே அவரை விட்டுவிடலாம். மதுரையில் சீனியர் வக்கீல் வேண்டும் என்றால், சீனியர் என்று ஐகோர்ட் அறிவித்தவர் வக்காலத்து போட முடியாது. இன்னொரு வக்கீல் மூலம்தான் வருவார், ஆக இரண்டு ஃபீஸ்.

வக்காலத்தில் சிறையில் இருப்பவர் கையெழுத்துப் போட, சிறை அதிகாரி சான்றிட வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். ஜாமீன் உத்தரவு வருமுன்பே இரண்டு ஜாமீன்தாரர்களைத் தயாராக வையுங்கள்: ஆதார், போட்டோ, வீட்டு வரி ரசீது. உத்தரவு வந்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் நாலு நாள் கூடுதலாக உள்ளே இருப்பது வீண்.

படி 7: நாள் எண்ணுவது

குற்றப்பத்திரிகை 60 நாளில் வர வேண்டும். மரண தண்டனை, ஆயுள், 10 ஆண்டோ அதற்கு மேலோ வரும் குற்றம் என்றால் 90 நாள். கஞ்சா வணிக அளவு என்றால் 180, அதையும் கோர்ட் ஓராண்டு வரை நீட்டிக்கலாம். வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிறது. கணக்கில் ரிமாண்ட் நாளும் சேரும்: மார்ச் 1 ரிமாண்ட் என்றால் ஏப்ரல் 29 அறுபதாவது நாள். ஏப்ரல் 30 காலை கோர்ட் திறந்ததும் மனு உள்ளே போக வேண்டும். மனுவுக்கு முன்னால் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் அந்த உரிமை போச்சு. சுவர்க் காலண்டரில் நீங்களும் வட்டம் போட்டு, இரண்டு நாள் முன்னால் வக்கீலுக்குப் போன் செய்யுங்கள்.

உள்ளே இருக்கும்போதே குண்டர் சட்டம் பாய்ந்தால் சாதாரண ஜாமீன் கிடைத்தும் 12 மாதம் வரை வெளியே வர முடியாது. அதற்கு மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போட வேண்டும். அதையே செய்துகொண்டிருக்கும் வக்கீல்கள் அங்கே இருக்கிறார்கள். உத்தரவோடு கொடுத்த ஆவணக் கட்டில் ஒரு பக்கம்கூடத் தொலையக்கூடாது. மங்கலான நகல், தமிழில் தராத பக்கம், இவற்றில்தான் வாதமே நிற்கும்.

பணம் இல்லாவிட்டால்

சிறையில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவானாலும் இலவச வக்கீல் உண்டு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அப்படியே. 15100-க்கு அழைக்கலாம், ராமநாதபுரம் கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் நேரில் எழுதிக் கொடுக்கலாம், சிறையிலிருந்தே மனுவும் அனுப்பலாம். கடன் வாங்கி அமர்த்தியவர் வாய்தாவுக்கு வராமல் போவதைவிட, தினமும் அதே கோர்ட்டில் நிற்கும் சட்ட உதவி வக்கீல் மேல்.

வக்கீலை மாற்ற

பழையவரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கிப் புதியவர் வக்காலத்து போடுவதுதான் முறை. தர மறுத்தால் காரணத்தைச் சொல்லிக் கோர்ட்டில் அனுமதி கேட்கலாம். ஃபீஸ் பாக்கி என்று சொல்லி வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை. 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லியிருக்கிறது. கட்டை எழுதிக் கேளுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள், வாங்கும்போது பக்கங்களை எண்ணி வாங்குங்கள். சாட்சி விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது மட்டும் மாற்றாதீர்கள். முதல் சாட்சியை விசாரித்தவர் என்ன நினைத்து அந்தக் கேள்விகளைக் கேட்டார் என்பது கட்டில் எங்கும் எழுதியிருக்காது.