‘சுயநலவாதி’ என்று எப்போது எழுதலாம்?

வேலூர் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்றால் விடிந்ததுமே ஆட்கள் வந்துவிடுவார்கள். முன்பு ஆம்பூர், வாணியம்பாடி, அரக்கோணத்திலிருந்தும் வருவார்கள். 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு குடியாத்தம், அணைக்கட்டு, பேர்ணாம்பட்டுப் பக்கத்து முகங்கள்தான் அதிகம். எந்த ஊர்க்காரர் ஆனாலும், வீட்டுத் தகராறு என்றால் ஒரு வார்த்தை தவறாமல் வந்துவிடும். “அவன் ஒரு சுயநலவாதின்னு எழுதுங்க சார்.”

எழுதலாம்தான். ஆனால் அந்தச் சொல் எவ்வளவு கனமானது என்று தெரிந்து எழுத வேண்டும்.

முதலில் கடைசியில் இருக்கிற ‘வாதி’யைப் பாருங்கள். கோர்ட்டில் வாதி என்றால் வழக்குப் போட்டவர். மற்ற இடங்களில் ஒரு கொள்கையைப் பிடித்துக்கொண்டு அதன்படி வாழ்கிறவர்: காந்தியவாதி, பெண்ணியவாதி என்கிறோமே, அப்படி. சுயநலவாதியும் அதே அச்சில் வார்த்த சொல். தன் நன்மை ஒன்றையே கொள்கையாக வைத்து, வருஷக்கணக்கில், யார் நஷ்டப்பட்டாலும் கவலைப்படாமல் நடக்கிறவர் என்று பொருள். ஒரு தடவை பங்காளி வீட்டு விசேஷத்துக்கு மொய் வைக்காதவரை இந்தப் பெயர் சொல்லி அழைப்பது அநியாயம். அந்த ஒரு காரியத்துக்கு ‘சுயநலமாக நடந்துகொண்டார்’ என்பது போதும். அது செயலைச் சொல்கிறது, ஆளின் மேல் முத்திரை குத்தவில்லை.

பேச்சில் நாம் ‘சுயநலம் பிடிச்சவன்’ என்கிறோம். பேய் பிடித்தவன், பைத்தியம் பிடித்தவன் மாதிரி. பிடித்தது ஒரு நாள் விட்டுப் போகலாம் என்கிற நம்பிக்கை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அம்மாக்கள் பிள்ளைகளைத் திட்டும்போது இதைச் சொல்கிறார்கள், ‘வாதி’ போடுவதில்லை. சொந்தக்காரரோடு நாளைக்கும் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்றால் நீங்களும் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆள் மாறிப் பொருந்தாத இடங்களும் உண்டு. தான் உண்டு தன் வேலை உண்டு என்று இருப்பவரைச் சிலர் சுயநலவாதி என்று எழுதச் சொல்கிறார்கள். அவர் யாருக்கும் கெடுதல் செய்யாதவர், நான் எழுத மாட்டேன். கஞ்சன் தனக்கே செலவு செய்ய மாட்டான், அவனும் வேறு ரகம். ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ என்பவருக்குக் ‘காரியவாதி’ என்று தனிப் பெயரே இருக்கிறது. தன் பெருமையை ஓயாமல் பேசுகிறவர் தற்பெருமைக்காரர். காது வலிக்குமே தவிர, அவரால் பெரிய நஷ்டம் இல்லை.

இப்போது படித்த பிள்ளைகள் ‘நார்சிஸ்ட்’ என்று போடச் சொல்கிறார்கள். தண்ணீரில் தன் முகத்தையே பார்த்து மயங்கிக் கிடந்த நார்சிசஸ் என்கிற இளைஞனின் கிரேக்கக் கதையிலிருந்து வந்த பெயர் அது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 1980-இல் அதை ஓர் ஆளுமைக் கோளாறாகத் தன் கையேட்டில் சேர்த்தது. தன்னை எல்லாரும் வியந்துகொண்டே இருக்க வேண்டும் என்கிற தீராத பசி அதில் முக்கியம். நம் சுயநலவாதிக்கு யாருடைய பாராட்டும் தேவையில்லை, காரியம் நடந்தால் சரி. இன்னாருக்கு அந்தக் கோளாறு என்று சொல்ல வேண்டியது மனநல மருத்துவர். மனுவில் நானோ நீங்களோ எழுதக் கூடாது.

பாராட்டும் இடத்தில் வேறு வழக்கம். 1900-இல் இதே வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் பார்க்கத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பற்றி எழுதினால் ‘தன்னலமற்ற சேவை’ என்றுதான் கை தானாகப் போகும். தன், நலம் இரண்டும் சேர்ந்து தன்னலம். ‘தன்நலம்’ என்று பிரித்து எழுதாதீர்கள். ஏசுவதற்குச் சுயநலம், போற்றுவதற்குத் தன்னலமற்ற என்று எப்படியோ பழகிவிட்டது. சுயம் என்ற சொல்லில் குற்றம் எதுவும் இல்லை. சுயமரியாதை, சுயஉதவிக் குழு எல்லாம் அதில் பிறந்தவைதானே.

போன மாதம் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வீட்டையும் நிலத்தையும் மகன் பேரில் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, ரேஷன் அரிசியில் காலம் தள்ளுகிறார். “பெத்தவ எப்டி கீறான்னு ஒரு நாள் வந்து பாத்தானா? சுயநலவாதின்னு பெருசா எழுதுப்பா” என்றார். எனக்குத் தெரிந்து அந்தச் சொல் அப்படியே பொருந்தும் மனிதன் அவன். ஆனாலும் எழுதவில்லை. 2007-ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியருக்குப் போகிற மனு அது. மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லி உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. அவர் பார்க்கப்போவது மகன் என்ன செய்தான், என்ன செய்யவில்லை என்பதை. பட்டப்பெயர் போட்டால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொண்டு, ‘என்னை அவமானப்படுத்துகிறார்’ என்று பேச்சை மாற்றிவிடும்.

அதனால் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். பத்திரம் பதிவான தேதி. அதற்கு அடுத்த பொங்கலோடு வருவதை நிறுத்தியது. கண் ஆபரேஷனுக்குப் பக்கத்து வீட்டுப் பெண் கூட்டிப் போனது. மாத்திரைச் செலவு. வீட்டின் முன்பக்க அறையை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தையும் மகனே வாங்கிக்கொள்வது.

படித்துக் காட்டினேன். அம்மா கடைசிவரை கேட்டார்.

“அந்த வார்த்தை வரவே இல்லியேப்பா?”

“இதெல்லாம் அதுதாம்மா.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த துண்டுச் சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். மகனுடைய பழைய போன் நம்பர்.

“இத்த மாத்திட்டான். புதுசு எனக்குத் தெரியாது. அத்தையும் ஒரு வரி சேத்துக்கோ.”

சேர்த்துக்கொண்டேன்.