இரவு பத்தரைக்கு மேல் யாருக்கு அனுமதி?

பதினோரு வருடமாக ஆண்ட்ராய்டு ஆப் எழுதித்தான் பிழைப்பு. "இந்த ஆப் உங்களுக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா?" என்று கேட்கும் அந்தச் சின்னப் பெட்டியை எந்த இடத்தில் காட்டினால் ஆட்கள் யோசிக்காமல் சரி என்று தட்டுவார்கள் என்று மணிக்கணக்கில் பேசிய கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், இரவு 10.15-க்குச் சலுகைச் செய்தி அனுப்பும் புரோகிராமை எழுதியதே நான்தான். படுத்துக்கொண்டு போன் பார்க்கும் நேரம் அது, நிறையப் பேர் தட்டுவார்கள் என்பது கணக்கு. போன வருடம் எனக்கே தூக்கம் கெட்டபோது யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

போனை அணைத்துவிட்டுப் படு என்பார்கள். என்னால் முடியாது. அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அவரும் அம்மாவும் திண்டுக்கல்லில், நான் கோவையில். ராத்திரி அங்கிருந்து ஓர் அழைப்பு வந்தால் என் காதில் விழுந்தே ஆக வேண்டும். அந்த ஓர் அழைப்பைத் தவிர மற்றதெல்லாம் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். அதற்கு நான் செய்ததைத்தான் சொல்லப் போகிறேன். என்னுடையது ஆண்ட்ராய்டு 14. உங்கள் போனில் மெனுப் பெயர் கொஞ்சம் மாறலாம். செட்டிங்ஸ் மேலே இருக்கும் தேடலில் பெயரை அடித்தால் வந்துவிடும்.

முதல் நாள் எதையும் மாற்றாதீர்கள். பிழை எங்கே என்று பார்க்காமல் புரோகிராமில் கைவைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். நோட்டிஃபிகேஷன் பகுதிக்குள் 'நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி' என்று ஒன்று இருக்கிறது, ஆண்ட்ராய்டு 11-லிருந்து உண்டு. அதை ஆன் செய்துவிட்டுப் படுங்கள், காலையில் எழுந்து எண்ணுங்கள். இரவு பத்து முதல் காலை ஆறு வரை எனக்கு வந்தவை 43. மனிதர்கள் அனுப்பியவை ஒன்பது, அதிலும் ஐந்து அபார்ட்மென்ட் குழுவில் தண்ணீர் லாரி பற்றிய சண்டை. மீதி 34-ம் எந்திரங்கள் அனுப்பியவை. எப்போதோ ஒரே ஒரு பஸ் டிக்கெட் எடுத்த ஆப் மட்டும் மூன்று அனுப்பியிருந்தது.

இவர்களை உள்ளே விட்டது யார் என்று கேட்டால், பாதிப் பேரை நாம் விடவே இல்லை. கேமராவையோ மைக்கையோ தொடுவதற்கு ஆப் நம்மிடம் கேட்க வேண்டும் என்ற முறை 2015-ல், ஆண்ட்ராய்டு 6-லேயே வந்துவிட்டது. நம்மை எழுப்புவதற்கு அனுமதி கேட்க வேண்டும் என்ற விதி 2022-ல், ஆண்ட்ராய்டு 13-ல்தான் வந்தது. பழைய போனை 13-க்கு அப்டேட் செய்தவர்களுக்கு, ஏற்கெனவே இருந்த ஆப்களில் பெரும்பாலானவை கேட்காமலே அந்த அனுமதியோடு வந்து சேர்ந்தன. அதனால் நோட்டிஃபிகேஷன் பகுதியில் ஆப் பட்டியலைத் திறந்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆஃப் செய்யுங்கள். அப்புறம் வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாக ஆன் செய்யலாம். எனக்குக் கடைசியில் மிஞ்சியவை ஏழு.

அந்த ஏழிலும் ஒரு சில்லறை வேலை இருக்கிறது. 2017-ல் ஆண்ட்ராய்டு 8 வந்ததிலிருந்து ஒவ்வோர் ஆப்பும் தன் செய்திகளைச் சேனல்களாகப் பிரித்து அனுப்ப வேண்டும்: ஓடிபி ஒரு சேனல், டெலிவரி ஒன்று, சலுகை ஒன்று. வந்த செய்தியை அழுத்திப் பிடித்தால் அது எந்தச் சேனல் என்று காட்டும், அதை மட்டும் மூடலாம். சில கம்பெனிகள் டெலிவரியையும் சலுகையையும் வேண்டுமென்றே ஒரே சேனலில் போடுவார்கள், சலுகையை மூடினால் சாப்பாடு வந்ததும் தெரியாமல் போகட்டும் என்று. அப்படி ஓர் ஆப் இருந்தால் மொத்தமாக மூடிவிடுங்கள். சாப்பாடு கொண்டுவருகிறவர் எப்படியும் போன் செய்து "அண்ணா, எந்தக் கேட்டு?" என்று கேட்கத்தான் போகிறார்.

அடுத்தது, யாரும் எட்டிப் பார்க்காத மூலை. ஆப்ஸ் பகுதியில் 'ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ்' என்று தேடுங்கள். அதில் மூன்றைப் பாருங்கள்: மற்ற ஆப் மேல் படர்வதற்கான அனுமதி, முழுத்திரையில் வந்து குதிப்பதற்கான அனுமதி, அலாரம் மற்றும் நினைவூட்டல் அனுமதி. போனே உறங்கிக்கொண்டிருக்கும்போதும் குறித்த நொடியில் அதை எழுப்பக்கூடிய அனுமதி மூன்றாவதுதான். கடிகாரம், காலண்டர் தவிர வேறு யாருக்கும் அது தேவையில்லை. என் போனில் நீர் குடிக்க நினைவூட்டும் ஆப் ஒன்று அதை வாங்கி வைத்திருந்தது. நள்ளிரவு 12 மணிக்கு நான் தண்ணீர் குடிக்க வேண்டுமாம்.

இனி வாசல். சத்தங்களை அடக்கி வைக்கும் 'டூ நாட் டிஸ்டர்ப்' பகுதியில் ஷெட்யூல் போடுங்கள், எனக்கு 10.30 முதல் 6.00 வரை. அழைப்புகளில் 'ஸ்டார் போட்ட காண்டாக்ட்' என்று தேர்ந்தெடுத்துவிட்டு, காண்டாக்டில் போய் வேண்டியவர்களுக்கு மட்டும் ஸ்டார் போடுங்கள். நான் போட்டது ஐந்து பேருக்கு. அதன் கீழேயே 'ரிப்பீட் காலர்ஸ்' இருக்கும். ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைப்பு வந்தால் யாராக இருந்தாலும் உள்ளே விடும், ஐபோனில் இது மூன்று நிமிடம். ஆஸ்பத்திரியிலிருந்து தெரியாத எண்ணில் கூப்பிட்டாலும் கேட்கும் என்பதால் அதையும் ஆன் செய்தேன். வாட்ஸ்அப் அழைப்பை இதில் நம்பாதீர்கள், ராத்திரியில் சாதாரண அழைப்புதான் என்று வீட்டில் சொல்லி வையுங்கள். இன்னொன்று, அதே பக்கத்தில் 'அலாரம்ஸ்' ஆன் ஆக இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். முதல் வாரம் நான் பார்க்காமல் விட்டு, சென்னைக்குப் போக வேண்டிய காலை ரயிலைக் கோட்டைவிட்டேன்.

இதுவரை சொன்னது போனுக்கு. தூக்கத்துக்கென்று ஓர் ஆப் போட்டால் என்ன என்று எனக்கும் தோன்றியது, போட்டேன். மைக் கேட்டது, இருப்பிடம் கேட்டது, காண்டாக்ட் கூடக் கேட்டது. நான் தூங்குவதற்கும் என் மாமனார் எண்ணுக்கும் என்ன சம்பந்தம்? அது கொடுக்கும் மதிப்பெண்ணை நினைத்தே ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் 2017-ல் இந்த வியாதிக்கு 'ஆர்த்தோசோம்னியா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஆப்பை நீக்கினேன்.

ஆனால் அந்த ஆப் ஒன்றைக் கேட்கவே இல்லை: அசைவு உணரியை. ஆக்சிலரோமீட்டர் என்ற அந்த உணரியைப் படிக்க ஆண்ட்ராய்டில் அனுமதியே தேவையில்லை. மெத்தையில் கிடக்கும் போனுக்கு, நீங்கள் எத்தனை முறை புரண்டீர்கள் என்று தெரியும். செட்டிங்ஸில் ஓர் ஆப்புக்கு மட்டும் அதை மறுக்க வழியில்லை, தூரம்தான் வழி. அன்றிலிருந்து போன் ஹாலில், ஃபிரிட்ஜ் மேல் சார்ஜ் ஏறுகிறது, ரிங் முழுச் சத்தத்தில். காலை அலாரத்தை அணைக்க பதினாலு அடி நடக்க வேண்டியிருப்பதால் மறுபடி படுப்பதும் நின்றது.

என் சொந்தப் பழக்கத்தில் மாற்றியவை குறைவு. ஞாயிற்றுக்கிழமை உட்பட ஆறு மணிக்கு எழுந்துவிடுவேன், எத்தனை மணிக்குப் படுத்திருந்தாலும். எழுந்ததும் மொட்டைமாடி வெயிலில் கால் மணி நேரம். கடைசிக் காபி மூன்று மணிக்கு. குடித்த காஃபினில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ஆறு மணி டிகிரி காபி பதினோரு மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து ஹாலுக்கு வந்து, போனைத் தொடாமல், துணி மடிக்கிறேன். கட்டில் என்றால் தூக்கம் என்று உடம்பு பழக வேண்டும் என்பதற்காக. திரையை மஞ்சளாக்கும் நைட் லைட்டில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, மஞ்சள் நிறத்திலும் கட்டைவிரல் அதே வேகத்தில்தான் தள்ளியது.

எல்லாம் முடிந்ததும் சோதித்துப் பாருங்கள், சோதிக்காத புரோகிராமை யாரும் வெளியிட மாட்டார்கள். அம்மாவிடம் பதினோரு மணிக்கு ஒரு தடவை கூப்பிடச் சொன்னேன். ஃபிரிட்ஜ் மேலிருந்து போன் அலறியது. எடுத்தேன்.

"கேட்குதாடா?"

"கேட்குதும்மா."

"அப்ப படு. நானும் இதுக்காகத்தான் முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."